மிக்கேல் அண்ணனுக்காக வரைந்த போர்டு

டிராயிங் ஆபீஸ் வராந்தாவில் இரண்டு மேசைகளை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை போர்டை நிறுத்தி வைத்திருந்தேன். அட்டையில் ஓட்டை போட்டு டார்ச் லைட் பல்புகளைச் செருகியிருந்தேன். பின்னால் பேட்டரியும் ஒயரும் தொங்கின. முன்னால் காலிங் பெல்லுக்கு வைக்கிற பட்டன்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம். வெயிலில் உப்பு அம்பாரங்கள் கண்ணைக் கூச வைத்தன.

என் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். எங்கள் ஊர் நாசரேத்தில் அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்துப் பி.டி. மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கி வந்தது. கீழே விழுந்தால் என்னையும் சேர்த்து விற்றாலும் ஈடாகாது என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"ஏளா எஸ்தர், இது என்ன ஆபீஸா சர்க்கஸா?" என்றார் தங்கையா அண்ணாச்சி. அவர் எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேன், சாத்தான்குளத்துக்காரர். கேள்வி கேட்டாரே தவிர, ஒயர் அவிழ்ந்திருந்த ஒரு பல்பைத் தானே உட்கார்ந்து முடிந்து கொடுத்தார்.

பட்டன் அமுக்குவதற்காக ஆப்பரேட்டர்களும் தோணித் தொழிலாளிகளுமாக ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். இஞ்சினியர் ராமநாதன் சார் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். யாருடனும் சேராமல் தூணில் சாய்ந்து நின்றவர் மிக்கேல் அண்ணன். அவருக்காகத்தான் இத்தனையும். அன்றைக்கு அந்த அட்டைகள் நான் சொன்னதை மெய்ப்பிக்காவிட்டால் திங்கட்கிழமை அவருக்கு வேலை இல்லை.

இந்தப் பத்தியில் இந்த வாரம் எழுதப்போவது கொஞ்சம் பெருமையடிக்கிற சமாசாரம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடக்கமாக எழுத வேண்டிய விஷயங்கள் என் வாழ்க்கையில் நிறைய உண்டு, அவற்றை அடக்கமாகவே எழுதிக்கொண்டு வருகிறேன். இது அந்த ரகம் இல்லை.

என் அழகான போர்டு

டிரேசர் என்றால் என்ன வேலை என்று போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். இஞ்சினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெழுகுத்துணி மாதிரி ஒரு துணியை விரித்து, கறுப்பு மையில் கோடு பிசகாமல் இழுக்க வேண்டும். கோடு பிசகினால் சவர பிளேடால் மையைச் சுரண்டி எடுக்க வேண்டும். துணி கிழியக் கூடாது. அவ்வளவுதான் வேலை. எழுபதுகளில் தூத்துக்குடியில் அந்த வேலைக்கு வந்த பெண்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் நான் ஒருத்தி.

நான் வேலை பார்த்தது உப்பு ஏற்றுமதி செய்கிற ஒரு தனியார் கம்பெனி. பெயர் வேண்டாம். கம்பெனிக்குக் கடலுக்குள் நீண்ட ஒரு பாலம் இருந்தது. பாலத்தின் மேல் ரப்பர் பெல்ட் ஓடும். கரையில் கொட்டுகிற உப்பு பெல்ட்டில் போய், தகரச் சரிவு வழியாகத் தோணிக்குள் விழும். ஒரே நேரத்தில் இரண்டு தோணிகள் கட்டலாம். பாலத்துக்கு வடக்கே, கரைக்குப் பக்கத்தில் ஒன்று. அதை உள் தோணி என்பார்கள். தெற்கே, பாலத்தின் நுனிக்குப் பக்கத்தில் இன்னொன்று. அது வெளித் தோணி.

கரையில் ஒரு பரண் மாதிரி உயரமான கேபின். அதில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு, எந்தத் தோணிக்கு உப்பு போக வேண்டும் என்று சுவிட்ச் போடுவதுதான் மிக்கேல் அண்ணனின் வேலை. ஜன்னலுக்குக் கீழேயே சுவிட்ச் போர்டு.

அந்த போர்டை வரைந்தது நான். வெறும் சுவிட்ச் வரிசையாக இல்லாமல், பாலத்தின் படத்தையே போட்டு, பெல்ட் ஓடும்போது அந்தந்த இடத்தில் பல்பு எரிகிற மாதிரி ராமநாதன் சார் யோசித்திருந்தார். நல்ல யோசனை. நான் அதற்கு உயிர் கொடுத்தேன். பாலத்துக்கு நீலம், பெல்ட்டுக்கு மஞ்சள், ஒரே உயரத்தில் ஆங்கில எழுத்துகள், மேல் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. அதைப் பார்த்துப் பெயிண்டர் இரும்புத் தகட்டில் தீட்டினார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "யார் போட்டது?" என்று கேட்டார்கள். கேட்காதவர்களிடம் நானே சொன்னேன்.

ஒரு சிவப்பு நூல்

கேபினுக்கு நான் அடிக்கடி போவதில்லை. ஒருமுறை மெட்ராஸிலிருந்து முதலாளிமார் வருகிறார்கள் என்றார்கள். போர்டைத் துடைத்து வைக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். போனேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கீழ்ச் சுவிட்சின் கழுத்தில் யாரோ ஒரு சிவப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அழுக்கேறிய நூல். என் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பையில் பிளேடு இருந்தது. நூலை அறுத்து ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, துணியில் எண்ணெய் தொட்டுப் போர்டைப் பளபளவென்று ஆக்கிவிட்டு வந்தேன். மிக்கேல் அண்ணன் அப்போது ஷிப்டில் இல்லை. முதலாளிமார் போர்டைப் பார்த்து மெச்சினார்கள் என்று ராமநாதன் சார் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

கச்சான் அடித்த நாள்

இரண்டு நாள் கழித்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்த ஒரு காலை. வெளித் தோணியிலிருந்து, "விடு, விடு, சீக்கிரம் விடு" என்று கையைக் காட்டினார்கள். மிக்கேல் அண்ணன் சுவிட்சைப் போட்டார். உப்பு போய் விழுந்தது உள் தோணியில்.

உள் தோணியின் அடித்தளத்தில் சூசை என்ற தொழிலாளி குனிந்து பாய் விரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே சரிவு உறுமுகிற சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் கூடை கூடையாக உப்பு அவர் மேல் கொட்டியது. கூட இருந்தவர்கள் கத்திய கத்தில் பெல்ட் நின்றது. கையால் தோண்டி இழுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தார்.

மிக்கேல் அண்ணனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணையில் அவர் வாயே திறக்கவில்லையாம். "கவனக் குறைவு" என்று தாளில் டைப் ஆகிவிட்டது. பதினைந்து வயதிலிருந்து தோணியில் இருந்தவர், கடலில் ஓர் ஆளைக்கூடத் தவறவிடாதவர். அவருக்கா கவனக் குறைவு? எல்லாரும் பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். நானும்தான்.

படத்தின் உச்சியில் கடல்

அந்த வாரம் தன் சாப்பாட்டுத் தூக்கையும் செருப்பையும் எடுத்துப் போக அவர் கேபினுக்கு வந்திருந்தார். திரும்பும்போது வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காத. அந்தச் செவப்பு நூலை யாரு அறுத்தாவ?"

"எதுக்கு அண்ணே?"

"வெளித் தோணிச் சுவிட்சுக்கு அடையாளமா நாந்தான் கட்டி வச்சிருந்தேன். ஒங்க போர்டுல அது எப்பவும் எனக்குக் கொழம்பிக்கிட்டே இருக்கும். நூலைப் பாத்துத்தான் போடுவேன். அன்னைக்குப் பாக்கேன், நூலக் காணும். ஆபீஸ்லதான் அறுத்திருப்பாவன்னு மறுபடி கட்டப் பயந்துட்டேன்."

"விசாரணையில ஏன் அண்ணே இதைச் சொல்லல?"

"கம்பெனிச் சாமான்ல நூலு கட்டுனது இன்னொரு குத்தமா ஆயிரும்லா?"

அந்த நிமிடம் நான்தான் அறுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய பிரிண்டைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை நீட்டி, "நம்ம பாலத்தை நீங்க எப்படிப் போடுவீங்க, போட்டுக் காட்டுங்க" என்றேன். பேச்சை மாற்றத்தான் கேட்டேன். அதுதான் உண்மை.

அவர் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, தாளின் அடியில் கரையைப் போட்டார். அங்கிருந்து பாலத்தை நேர் மேலே இழுத்தார். தாளின் உச்சியில் அலை அலையாகக் கடல். இடது பக்கம் கீழே உள் தோணி. வலது பக்கம் மேலே வெளித் தோணி.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் போர்டில் மேலே இருப்பது வடக்கு. ஆகவே வடக்கே கட்டுகிற உள் தோணியின் சுவிட்ச் மேலே, வெளித் தோணியின் சுவிட்ச் கீழே. கடல் வலது ஓரத்தில். மிக்கேல் அண்ணனுக்கோ மேலே என்றால் தூரம், ஆழம், கடல். ஜன்னலில் அவர் பார்ப்பதும் அப்படித்தான். தூரத்தில் இருக்கிற வெளித் தோணிக்கு அவர் கை தானாக மேலே போகும். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் படத்தைத் திருப்பிப் போட்டு, கையை இழுத்துப் பிடித்துக் கீழே கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் நூல். அவசரத்தில் கை அதன் போக்கில் போய்விட்டது.

ஒருவர் போட்டதை வைத்து முடிவு கட்டலாமா என்று எனக்கே சந்தேகம். மறுநாள் சாயங்காலம் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் என்று கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் தாளை நீட்டினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். போட்டவர்கள் எல்லாரும் கடலை மேலேதான் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாசரேத்துக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்து மேப் மாதிரி வடக்கை மேலே வைத்து, அம்புக்குறி போட்டு, அடியில் கோடும் இழுத்துக் கொடுத்தார். நான் அவர் மகள். எனக்கு வேறெப்படி வரும்?

இப்போதெல்லாம் ஏ.டி.எம். மெஷின் முன்னால் யாராவது திணறினால், பின்னால் நிற்கிற கூட்டம் அவரைத்தான் முறைக்கிறது. எனக்கு அந்த மெஷினை வரைந்தவன் யார் என்று பார்க்கத் தோன்றும். அவனை வரிசையில் நிற்க வைத்து, பின்னால் நாலு பேரை உச்சுக் கொட்டச் சொல்ல வேண்டும்.

பிளேடு என்னுடையது

திங்கட்கிழமை ராமநாதன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நூலை அறுத்தது நான் என்பதையும் சேர்த்துத்தான். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. மெட்ராஸில் படித்தவர், கணக்கில் புலி. ஆனால் காகிதத்தில் சரியாக இருப்பது தரையிலும் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்.

"என்னம்மா சொல்றே? உலகம் பூரா வடக்கு மேலதான் இருக்கு. ஒரு ஆளுக்காக டிராயிங் ரூலை மாத்த முடியுமா? ஆறு மாசமா அதே போர்டுலதானே வேலை பார்த்தான்?"

"நூலை வச்சுப் பார்த்தார் சார்."

"நூல் கட்டாம பார்க்கத் தெரியலைன்னா அது கவனக் குறைவுதானே?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்ப சோதிச்சுப் பார்த்துடலாம் சார். இப்ப இருக்கிற போர்டு ஒண்ணு, மிக்கேல் அண்ணன் போட்ட மாதிரி ஒண்ணு. அட்டையில செஞ்சு தாரேன். எல்லாரையும் அமுக்கச் சொல்லுவோம். யாரு எதுல தப்பு பண்றாங்கன்னு பார்ப்போம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வெள்ளிக்கிழமை. ஒரு மணி நேரம்தான்" என்றார். அந்த வாய்ப்பைக் கொடுத்ததற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

மறுபடியும் வராந்தா

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? ஒருவர்கூடத் தப்பாக அமுக்கவில்லை.

நான் "உள் தோணி" என்பேன், சரியாக அமுக்குவார்கள். "வெளித் தோணி" என்பேன், அதுவும் சரி. பழைய போர்டிலும் சரி, புதிய போர்டிலும் சரி. ஸ்டாப்வாட்சில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. ராமநாதன் சார் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார்.

அப்போதுதான் தூணில் சாய்ந்திருந்தவர் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"சார், ஒரு வார்த்தை. நெழல்ல உக்காந்து, காப்பி குடிச்ச கையோட தட்டுனா யாருக்குச் சார் தப்பும்? அங்கன அப்பிடியா இருக்கு? பெல்ட்டு சத்தம் காதைப் பொளக்கும். ரெண்டு தோணிக்காரனும் ஒரே நேரத்துல ஏசுவான். எத்தன தொட்டி உப்பு போச்சுன்னு வாயில எண்ணிக்கிட்டே இருக்கணும். அதையும் வச்சுப் பாருங்க."

தங்கையா அண்ணாச்சி ஒரு காலி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து, பெல்ட் ரிப்பேர் பார்க்கிற பிட்டரிடம் சுத்தியலைக் கொடுத்தார். "அடிடே" என்றார். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே பட்டன் அமுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். வேடிக்கை பார்க்க வந்தவர்களை இரண்டு பக்கமும் நிறுத்தி, வாய்க்கு வந்தபடி கத்தச் சொன்னோம். அதற்கு அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வராந்தாவே அதிர்ந்தது. பழைய போர்டில் முதலில் உட்கார்ந்த ஆப்பரேட்டர் மூன்றாவது தடவையே தப்பாக அமுக்கினார். அடுத்தவரும் அப்படியே. எல்லாம் ஒரே தப்பு. வெளித் தோணி என்றதும் கை மேலே போனது. அதே ஆட்கள் புதிய போர்டில் உட்கார்ந்தபோது எண்ணிக்கை தடுமாறியது, கை தடுமாறவில்லை. என் காதோரம் எல்லாம் சூடாகிவிட்டது. குதிக்க வேண்டும் போல இருந்தது.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று ராமநாதன் சார் வந்து உட்கார்ந்தார்.

பழைய போர்டில் அவர் ஒன்றைக்கூடத் தப்பாக அமுக்கவில்லை. டிரம் சத்தத்திலும் கத்தலிலும் கல் மாதிரி இருந்து அத்தனையும் சரியாகப் போட்டார். எனக்குச் சப்பென்றாகிவிட்டது. பிறகு புதிய போர்டுக்கு மாறினார். நான் "உள் தோணி" என்று கத்தினேன். அவர் கை மேலே போனது. வெளித் தோணியின் பல்பு எரிந்தது. மறுபடியும் "உள் தோணி". மறுபடியும் மேலே.

பிட்டர் தானாகவே அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"பார்த்தியா, இந்த போர்டுதான் தப்பு" என்றார் ராமநாதன் சார்.

அந்த வயதில் எனக்கு அந்த வாய் எங்கிருந்து வந்ததோ. "சார், கேபின்ல நீங்களா உக்காரப் போறீங்க?" என்றேன்.

தங்கையா அண்ணாச்சி "ஏளா" என்று மட்டும் சொன்னார். அதில் கண்டிப்பு பாதி, சிரிப்பு பாதி. ராமநாதன் சார் எரிந்துகொண்டிருந்த பல்பையே பார்த்தார். பிறகு மிக்கேல் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நான் ரெண்டு தடவை வேற தோணியில கொட்டியிருக்கேன் இல்லையா?"

"ஆமா சார்" என்றார் மிக்கேல் அண்ணன்.

"நான் கவனமாத்தான் இருந்தேன்."

"தெரியும் சார். நானும் அப்படித்தான் இருந்தேன்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது ராமநாதன் சாருக்கு உறைத்தது. அன்றைக்கே மேனேஜரிடம் போனார். தவறு போர்டு வரைந்த விதத்தில், அதற்குத் தானே பொறுப்பு என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். என் பிளேடைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சூசையின் வீட்டுக்குப் போய் அதை நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டினார். திட்டியது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஓரக் கட்டம்

மிக்கேல் அண்ணன் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். புதிய போர்டை மறுபடியும் நான்தான் வரைந்தேன். கரை அடியில், கடல் உச்சியில், எழுத்துகள் தமிழில். பழையதைவிட அழகு குறைவுதான். நீலமும் மஞ்சளும் பழையபடி இசைந்து வரவில்லை. போகட்டும் என்று விட்டேன். டிராயிங் ஆபீஸில் எனக்கு அது பெரிய துறவு.

அமோனியா ஆவி காட்டிப் பிரிண்ட் எடுத்து, அந்த நாற்றம் போகுமுன் கேபினுக்கு எடுத்துப் போனேன். மிக்கேல் அண்ணன் ஜன்னலுக்குக் கீழே அதை விரித்து, கடலையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணைக் கடலில் வைத்துக்கொண்டே தாளில் கையை வைத்தார். ஒவ்வொரு தோணிக்கும் பத்துப் பதினைந்து தடவை. நான் அவசரப்படுத்தவில்லை.

"நிறுத்துற சுவிட்சை இந்தக் கூட்டத்துல வைக்காத, தங்கச்சி. தனியா இங்கன வையி, பெருசா. பாக்காமலே கை விழணும்."

நியாயம். எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பிப் போய் மாற்றி வரைந்து, மறுநாள் மறுபடியும் கொண்டுபோனேன். மறுபடியும் கை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

எல்லா வரைபடத்துக்கும் வலது அடியில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர் என்று மூன்று வரி. சரிபார்த்தவர் என்ற இடத்தில் இஞ்சினியர் கையெழுத்துதான் வழக்கம். நான் மூலத் துணியைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை விரித்து, பேனாவில் மை நிரப்பி, அந்த இரண்டாவது வரியைக் காட்டினேன்.

"இதுல நீங்க கையெழுத்துப் போடுங்க அண்ணே."

அவர் பேனாவை வாங்கவில்லை. "நானா? சார் ஏச மாட்டாவளா?"

"கேட்டுட்டுத்தான் வாரேன். அடுத்த வரியில அவர் போடுறேன்னு சொல்லிட்டார்."

"இதுல எம் பேரு இருந்தா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்கிட்டதான கேப்பாவ?"

"ஆமா அண்ணே. கேப்பாங்க."

வெளியே தோணியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து, இரு என்று கையைக் காட்டினார். பிறகு உட்கார்ந்து, சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"போன தடவையும் எங்கிட்டதான் கேட்டாவ. போர்டைச் செய்யுறதுக்கு முந்தி யாரும் கேக்கலியே" என்றார். சொல்லிக்கொண்டே, மை பரவாமல், எழுத்து எழுத்தாகத் தன் பெயரை முழுவதும் எழுதினார்.